வெப் டெவலப்மென்ட் தொடக்க வகுப்பு: வீட்டுப்பாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் நடக்கும் எங்கள் தொடக்க நிலை வகுப்பில் சேர்ந்தவர்களுக்கும், சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும், பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் கவலைப்படுகிற பெற்றோருக்கும் இந்தப் பக்கம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் வகுப்பு. இணையப் பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ், அதை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இந்த வரிசையில் நடத்தப்படும். கட்டணமும் சான்றிதழும் பற்றி நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே வீட்டுப்பாடம் மட்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வகுப்பு உள்ள நாளில் வீடு திரும்பியதும் அரை மணி நேரம். செவ்வாய், வியாழன், சனியில் ஒரு மணி நேரம். ஞாயிறு உங்களுடையது. கூட்டினால் வாரத்துக்கு நாலரை மணி நேரம் வரும். "இவ்வளவுதானா?" என்று முதல் வாரத்தில் கேட்பவர்கள்தான் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் சாக்குச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் செய்துவிடலாமே?

கெடு சனிக்கிழமை இரவோடு முடிகிறது. அதை விட்டாலும், அப்படிப் படித்தது தங்காது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற முதல் சில மணி நேரங்களிலும் முதல் நாளிலும்தான் மறதி மிக வேகமாக இருக்கிறது, அதன்பின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. வகுப்பு நாளில் இரவு சாப்பாட்டுக்கு முன் அந்த அரை மணி நேரத்தை நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். வெள்ளிக்கிழமை மாலை கரும்பலகையில் பார்த்த ஃபிளெக்ஸ் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) பாடத்தை அன்றிரவே ஒரு முறை தட்டிப் பார்த்தவருக்குச் சனிக்கிழமை வேலை சுலபம். ஞாயிறு மதியம்தான் திறக்கிறவர் முதல் ஒரு மணி நேரத்தை "சார் என்ன சொன்னார்?" என்று நண்பர்களுக்கு போன் செய்வதிலேயே செலவழிப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. கோட் எழுதும்போது மூளை களைத்தால் கண் பொய் சொல்லும். விடுபட்ட ஒரு மேற்கோள்குறியை மூன்றாவது மணி நேரத்தில் தேடுகிறவர் அதைப் பத்து முறை கடந்து போவார். மறுநாள் காலை திறந்தால் அது முதல் பார்வையிலேயே தெரியும்.

சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். எனக்கும் இதே கணக்குதானா?

இல்லை. இரவு ஷிஃப்ட் வரும் வாரத்தைத் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள், அந்த வாரத்துக்குப் பாதி வீட்டுப்பாடம் தருகிறோம். ஆனால் பாதியையும் வேலைக்குப் போகும் முன்பே செய்யுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து செய்கிறேன் என்று சொன்ன யாரும் செய்ததை நான் பார்த்ததில்லை. அவர்கள் தூங்குகிறார்கள், அதுதான் சரியும்கூட.

என்ன மாதிரியான வீட்டுப்பாடம் தருவீர்கள்?

முதல் வாரம் வெறும் எச்டிஎம்எல். உங்கள் தெருவைப் பற்றி ஒரு பக்கம். வண்ணம் கூடாது, படம் கூடாது. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு இவை மட்டும். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். யூடியூபில் பார்த்த மினுமினுக்கும் பக்கம் போல வரவேண்டும் என்பார்கள். டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் 1989இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த முதல் இணையப் பக்கங்களும் இப்படி எழுத்தும் இணைப்பும் மட்டுமாகத்தான் இருந்தன. சிஎஸ்எஸ் ஒரு தரநிலையாக வந்தது 1996இல். வரலாறு போன வரிசையிலேயே நீங்களும் போவதில் ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொன்றும் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்பது கையிலேயே புரிந்துவிடும்.

இரண்டாம் வாரம் அட்டவணை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று நிறுத்தங்களையும் நீங்கள் பார்த்த நேரத்தையும் குறித்து வந்து ஒரு டேபிள் ஆக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கற்பனை நேரம் போடுகிறவர்கள் உண்டு. அரியாங்குப்பம் கிருமாம்பாக்கத்துக்கு முன்னால் வந்தால் கண்டுபிடித்துவிடுவோம்.

மூன்றாம் வாரம் அதே பக்கத்துக்கு சிஎஸ்எஸ். நான்காம் வாரம் அதே பக்கம் போனில் ஒழுங்காகத் தெரிய வேண்டும். இங்கே ஒரு வரி பெரும்பாலும் விடுபடும்: தலைப்பகுதியில் எழுதவேண்டிய வியூபோர்ட் மெட்டா டேக், அதாவது திரையின் அகலத்துக்கே பக்கத்தைக் காட்டு என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிச்சொல். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் உங்கள் பக்கத்தைப் பொதுவாக 980 பிக்சல் அகலம் கொண்ட மேசைக்கணினிப் பக்கம் என்று வைத்துக்கொண்டு, அதைக் கையகலத் திரைக்குள் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பளவுக்குப் போய்விடும். உடனே எழுத்தின் அளவை 40, 50 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அளவில் குற்றம் இல்லை. ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் பழைய அளவுக்கே திரும்புங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் தொடங்கியபின் பஸ் கட்டணம் கணக்கிடும் சின்னப் படிவம் ஒன்று வரும். எனக்குப் பிடித்த வீட்டுப்பாடம் இது. போகும் கட்டணம் 30 ரூபாய், வரும் கட்டணம் 30 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டியிலும் 30 என்று தட்டிப் பொத்தானை அழுத்தினால் மொத்தம் 3030 ரூபாய் என்று வரும். அந்தப் பணத்தில் காரே பேசிவிடலாம். படிவப் பெட்டியிலிருந்து வருவது எண் அல்ல, எழுத்துச்சரம், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை; சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை ஒட்டவைக்கிறது. நம்பர் ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக மாற்றியபின் கூட்டினால் 60 வரும். வேடிக்கை என்னவென்றால், அதே பெட்டிகளைப் பெருக்கினால் முதலிலேயே சரியான விடை வந்துவிடும், ஏனென்றால் பெருக்கல் குறி தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது. "பெருக்கினால் சரியாக வருகிறது, கூட்டினால் தவறாக வருகிறது, கம்ப்யூட்டரில் கோளாறு" என்று ஒருவராவது எழுதி அனுப்புவார். அந்தக் குழப்பம் வரவேண்டும் என்பதற்காகவே அதை வகுப்பில் முன்கூட்டிச் சொல்வதில்லை. இப்போது இங்கே படித்துவிட்டீர்கள். இருந்தாலும் உங்களுக்கும் வரும்.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. எனக்கு இது வராதோ?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வரும். எதிர்வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் போடுவதை நின்று பார்க்கும்போது எந்தக் கோடு எங்கே வளைகிறது என்பதெல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். நம் வாசலில் புள்ளி வைத்துவிட்டு நிற்கும்போதுதான் முதல் வளைவே எங்கே என்று தெரியாது. பார்த்துப் புரிந்துகொள்வது ஒரு வேலை, நினைவிலிருந்து எடுப்பது வேறு வேலை. முதலாவதை எத்தனை முறை செய்தாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களையும், ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீடியோ பார்த்து முடித்த உடனே "எல்லாம் தெரிந்துவிட்டது" என்று தோன்றுவதும் புதன்கிழமை வகுப்பில் கை நிற்பதும் ஏன் என்பது இதில் இருக்கிறது.

ஆகவே செய்யவேண்டியது இது. பத்து நிமிட வீடியோவைப் பாருங்கள். மூடுங்கள். வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்து நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். நிற்கும் இடத்தில் வீடியோவுக்குத் திரும்பாமல் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். கடைசியில் கேள்விக்குறிகளுக்கு மட்டும் விடை தேடுங்கள். பக்கத்தில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி வரிக்கு வரி தட்டுவதற்குப் பெயர் தட்டச்சுப் பயிற்சி. அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது, கட்டணமும் குறைவு.

எல்லா டேக்கையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். எச்டிஎம்எல்லில் டேக்கால் குறிக்கப்படும் எலிமென்ட்கள் (தலைப்பு, பத்தி போன்ற பக்கத்தின் உறுப்புகள்) நூற்றுக்கு மேல் உண்டு. அன்றாடம் கைக்கு வருவது இருபது இருபத்தைந்துதான். அவை எழுதி எழுதித் தானாகப் பதியும். மற்றவற்றை எம்டிஎன் என்ற இணையக் கையேட்டுத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பொதுத்தேர்வுக்குப் படித்த பழக்கத்தில் சிஎஸ்எஸ் பிராப்பர்டி (நிறம், அகலம் போன்ற பண்பு) பெயர்களை நோட்டில் நூறு முறை எழுதுகிற நல்ல பிள்ளைகள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். அந்த உழைப்பைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அப்படியானால் நோட்டே தேவையில்லையா?

தேவை, இரண்டு காரியத்துக்கு. ஒன்று, பக்கத்தின் அமைப்பைப் பென்சிலால் வரைந்துவிட்டு எழுத ஆரம்பிப்பது. எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி என்று தாளில் தெரியாதது திரையில் தெரியாது. இரண்டாவது, நீங்கள் சந்தித்த பிழைச்செய்திகளின் பட்டியல்: செய்தி, காரணம், தீர்வு. அவ்வளவுதான்.

சிக்கிக்கொண்டால் எவ்வளவு நேரம் தனியாகப் போராட வேண்டும்? எப்போது கேட்கலாம்?

அரை மணி நேரம். ஐந்து நிமிடத்தில் கேட்டால் தேடும் பழக்கம் வராது. மூன்று மணி நேரம் முட்டிக்கொண்டால் வெறுப்புதான் வரும். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் பலர் அதைப் பக்கத்தை ரீலோட் செய்தபடியே கழிக்கிறார்கள்.

முதலில் எஃப்12 அழுத்துங்கள். பிரவுசரின் டெவலப்பர் கருவிகள் திறக்கும். ஜாவாஸ்கிரிப்ட் தவறு என்றால் அதிலுள்ள கன்சோல் என்ற பகுதியில் சிவப்பில் எழுதியிருக்கும், எந்த ஃபைலில் எந்த வரி என்பதோடு. எழுதியிருப்பதைப் படியுங்கள். தொடக்கத்தில் அதிகம் வருவது "கேனாட் ரீட் ப்ராபர்டீஸ் ஆஃப் நல்" என்ற வகைச் செய்தி. நீங்கள் தேடிய எலிமென்ட் பக்கத்தில் கிடைக்கவில்லை என்று பொருள். எலிமென்டுக்கு வைத்த ஐடி என்ற பெயரில் எழுத்துப்பிழை இருக்கும்; அல்லது ஸ்கிரிப்டைப் பக்கத்தின் தலையில் வைத்திருப்பீர்கள், உடம்பு உருவாவதற்கு முன்பே அது ஓடிப்போய்த் தேடியிருக்கும். ஸ்கிரிப்ட் தனி ஃபைலில் இருந்தால் அதன் டேக்கில் டிஃபர் என்று ஒரு சொல் சேர்த்தால், அல்லது அதை பாடி முடியும் இடத்துக்கு நகர்த்தினால் தீர்ந்தது.

எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் இப்படிச் சத்தம் போடுவதில்லை. தவறு செய்தால் பேசாமல் தாண்டிப் போய்விடும். சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால் அடுத்த வரியும் சேர்ந்து செல்லாமல் போகும். ஆகவே உங்களுக்கு வேலை செய்யாததாகத் தெரிகிற வரியை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு மேல் வரியையும் பாருங்கள். மூடாத டேக்குகளைக் கண்டுபிடிக்க டபிள்யூ3சி வேலிடேட்டர் என்ற பிழைகாட்டும் இணையதளத்தில் பக்கத்தை ஒட்டுங்கள். இது இலவசம். வீட்டுப்பாடம் அனுப்புமுன் இதைச் செய்வது கட்டாயம்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லையா, தயங்காமல் வகுப்புக் குழுவில் கேளுங்கள், இரவு பத்து மணி வரை. ஆனால் "சார், வரலை" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. என்ன வரவேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, பிழைச்செய்தி என்ன, எதையெல்லாம் முயன்றீர்கள். நான்கும் எழுதுங்கள். கோட்டை எழுத்தாக ஒட்டுங்கள். மடிக்கணினித் திரையைக் கோணலாகப் படமெடுத்து, அதில் ட்யூப்லைட் வெளிச்சமும் உங்கள் விரலும் தெரிய அனுப்பினால் என்னால் எதையும் படிக்க முடியாது. இந்த நான்கையும் ஒழுங்காக எழுத உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே "கிடைத்துவிட்டது சார்" என்று முடிப்பார்கள்.

நண்பருடையதைப் பார்த்து எழுதினால் கண்டுபிடிப்பீர்களா?

ஆம். இரண்டு பேர் பக்கத்திலும் அதே எழுத்துப்பிழை, அதே இடத்தில் அதே தேவையற்ற இடைவெளி. கண்டுபிடிக்க வித்தை எதுவும் வேண்டாம். ஆனால் நாங்கள் போலீஸ் வேலை பார்ப்பதில்லை. வகுப்பில் உங்கள் ஃபைலைத் திறந்து "இந்த மூன்று பெட்டியையும் வலப்பக்கம் ஒதுக்குங்கள்" என்று சொல்வோம். உங்களுடையதாக இருந்தால் ஒரு நிமிட வேலை.

பாதி வேலை செய்யாத சொந்தப் பக்கத்தை, எங்கே நின்றது என்ற குறிப்போடு அனுப்புகிறவருக்கு இங்கே மதிப்பு அதிகம். பளபளப்பான இரவல் பக்கத்தைப் பார்த்து எனக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிவதில்லை.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?

முதல் இரண்டு மாதம் கூடாது. கண்டிப்பாக. உங்களுக்கு எது தெரியாது என்பதே தெரியாத காலம் அது. அப்போது விடை கையில் விழுந்தால் கேள்வி என்ன என்பதே பதியாமல் போய்விடும்.

அதன்பின் கேட்கலாம், கேட்கும் முறை இருக்கிறது. "பஸ் கட்டணப் படிவம் எழுதிக்கொடு" என்று கேட்டால் வீட்டுப்பாடத்தை அது செய்கிறது, நீங்கள் தபால்காரர். "இந்த வரியில் 60க்குப் பதில் 3030 ஏன் வருகிறது, கோட் தராமல் விளக்கு" என்று கேட்டால் படிப்பது நீங்கள். அது உறுதியான தொனியில் தவறாகவும் சொல்லும். சொன்னதை எம்டிஎன்னில் ஒரு முறை சரிபார்க்காமல் எழுதாதீர்கள். உங்கள் பாடத்தில் இதுவரை வராத சொற்கள் கோட்டில் தென்பட்டால், அவற்றை வகுப்பில் எழுந்து விளக்கச் சொல்வோம். விளக்கிவிட்டால் சந்தோஷம்தான்.

நான் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் தடுமாறுகிறது. சமாளிக்க முடியுமா?

முடியும். கோட்டில் வரும் ஆங்கிலம் நூறு நூற்றைம்பது சொற்களுக்குள் அடங்கிவிடும், அவையே திரும்பத் திரும்ப வரும். பிழைச்செய்திகளும் அப்படியே. பெயர் வைக்கும்போது தடுமாற்றமாக இருந்தால் வேரியபிளுக்கு (மதிப்பைச் சேமிக்க நாம் வைக்கும் பெயர்) தமிழ்ச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், முதல் இரண்டு மாதம் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தமிழிலேயே எழுதும்படி ஊக்குவிக்கிறோம். தமிழில் எழுதினால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் கவனிக்காத பல விஷயங்கள் முன்னாலேயே தெரியவரும். எழுத்துகளைக் கணினி எந்த முறையில் சேமித்திருக்கிறது என்பதை, கேரக்டர் செட் யுடிஎஃப்-8 என்று பக்கத்தின் தலையில் அறிவிக்காமல் விட்டால், ஆங்கிலப் பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தமிழ்ப் பக்கம் பல பிரவுசர்களில் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளாகச் சிதறிவிடும். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படித்தால் வரும் குப்பை அது.

இன்னொன்றைச் செய்து பாருங்கள். கன்சோலில் "புதுச்சேரி" என்ற சொல்லின் லெங்த் (நீளம்) என்ன என்று கேளுங்கள். நம் கணக்குக்குப் பு, து, ச், சே, ரி என ஐந்து எழுத்து. கன்சோல் 10 என்று சொல்லும். ப ஒரு குறி, அதன்மேல் ஏறும் உகரம் ஒரு குறி. புள்ளியும் தனிக் குறி. "கடலூர்" 6 வரும். படிவத்தில் பெயர் 10 எழுத்துக்குள் இருக்கவேண்டும் என்று கட்டுப்பாடு வைக்கிற ஒரு வீட்டுப்பாடம் உண்டு. அதைத் தமிழ்ப் பெயர் போட்டுச் சோதித்தவர்கள் மட்டுமே இந்தப் பிரச்சினையைப் பார்ப்பார்கள். ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதியால் இதைச் சரியாக எண்ணலாம், அது பின்னால் வரும்.

வீட்டில் லேப்டாப் இல்லை. போனில் செய்ய முடியுமா?

எச்டிஎம்எல் வாரங்களை ஆண்ட்ராய்டு எடிட்டர் செயலி ஒன்றை வைத்து ஓட்டிவிடலாம். சிஎஸ்எஸ் வந்தபின் சிரமம். டெவலப்பர் கருவிகள் இல்லாமல் இருட்டில் துழாவுவது போல ஆகிவிடும். வகுப்பு இல்லாத நாட்களில் மாலை நான்கு முதல் ஏழு வரை இங்குள்ள கணினிகள் சும்மாதான் இருக்கின்றன, வந்து செய்யுங்கள். வாங்குவதானால் புதிதுதான் வேண்டும் என்றில்லை. 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருக்கிற பழைய மடிக்கணினி இந்தப் படிப்புக்குத் தாராளம். கேமிங் லேப்டாப்புக்குத் தவணை கட்டவேண்டாம் என்று பெற்றோருக்குத் தனியாகவே சொல்லிவிடுகிறேன்.

ஃபைல்களை எப்படி வைத்துக்கொள்வது?

ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு ஃபோல்டர். பெயரில் இடைவெளி கூடாது, பெரிய எழுத்து கூடாது. இந்த விதி பிடிவாதமாகத் தோன்றும். சில்வர் பீச் படம் ஒன்றைக் கேமராவிலிருந்து எடுத்து ஃபோல்டரில் போடுவீர்கள். கேமரா அதன் பெயரின் வாலைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கும், நீங்கள் கோட்டில் சிறிய எழுத்தில் எழுதுவீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், படம் அழகாகத் தெரியும். அதையே பக்கங்களை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் படம் இருந்த இடத்தில் உடைந்த சின்னம் நிற்கும், ஏனென்றால் அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. "வீட்டில் வந்தது சார்" என்ற வாக்கியம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இதன் அண்ணன் ஒருவர் இருக்கிறார்: படத்தின் முகவரியில் சி டிரைவிலிருந்து தொடங்கும் முழுப் பாதையையும் எழுதுவது. உங்கள் கணினியில் மட்டும் அது வேலை செய்யும். என் கணினியின் சி டிரைவில் உங்கள் படம் எப்படி இருக்கும்? பக்கமும் படமும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் ஃபைல் பெயர் மட்டும் போதும்.

ஃபைனல், ஃபைனல்2, கடைசி ஃபைனல் என்று பெயர் வைக்கும் பழக்கத்துக்கு மூன்றாம் மாதத்தில் முடிவு கட்டுவோம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய, ஃபைல்களின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை அப்போது கற்றுக்கொள்வீர்கள். அதன்பின் ஒவ்வொரு நாள் வேலைக்கும் ஒரு கமிட் (அதில் செய்யும் ஒரு பதிவு) வேண்டும். கடைசி இரவில் மொத்தமாகப் போட்ட ஒரே கமிட்டைப் பார்த்தாலே நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்பது தெரிந்துவிடும், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போய்விடுகின்றன. என்ன செய்வது?

இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுப்பாடம் பற்றி யோசிக்கவே வேண்டாம், கெடு தானாகத் தள்ளிப்போகும்.

ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வரும் சாதாரண மழைநாள் வேறு. இந்தப் படிப்பில் ஒரு சௌகரியம், எழுதவும் ஓட்டிப் பார்க்கவும் இணையமே வேண்டாம். ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்தால் பிரவுசர் திறந்துகொள்ளும். சார்ஜ் இருக்கும்வரை வேலை நடக்கும். கோட் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரில் ஆட்டோ சேவ் வசதியை இன்றே இயக்கி வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒரு முறை பென்டிரைவில் ஒரு பிரதி. தண்ணீர் வீட்டுக்குள் வரும் பகுதியில் இருப்பவர்கள் அந்தப் பென்டிரைவை மேல் அலமாரியில் வையுங்கள். சிரிப்பாக இருக்கலாம், கெடிலக்கரை ஓரம் இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

சேர்ந்து படிக்கலாமா?

தாராளமாக. புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸிலேயே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், அது நல்ல வழக்கம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு கணினி முன் இரண்டு பேர் உட்கார்ந்தால் எப்போதும் தெரிந்தவரே தட்டுவார், தெரியாதவர் தலையாட்டுவார். தலைகீழாக்குங்கள். தெரியாதவர் கையில் கீபோர்டு, தெரிந்தவருக்கு வாய் மட்டும்.

பையன் எந்நேரமும் கணினி முன்னால் இருக்கிறான். படிக்கிறானா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கோட் உங்களுக்குப் புரியவேண்டியதில்லை. "இந்த வாரம் செய்த பக்கத்தைக் காட்டு" என்று கேளுங்கள். காட்டியதும், "இந்தத் தலைப்பைச் சிவப்பாக்கு, இந்தப் படத்தைச் சின்னதாக்கு" என்று சொல்லுங்கள். உங்கள் கண்ணெதிரே மாற்றிவிட்டால் படிக்கிறான். நாளைக்குக் காட்டுகிறேன் என்றால் எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். பின்னால் நின்றுகொண்டே இருக்காதீர்கள். யாராலும் அப்படி ஒரு வரி எழுத முடியாது.

தாமதமாக அனுப்பினால்?

ஒரு முறை, காரணம் கேட்கமாட்டோம். இரண்டாம் முறை கேட்போம். மூன்றாம் முறை, அடுத்த பாடத்தை நிறுத்திவிட்டு விடுபட்டதை வகுப்பிலேயே உட்கார்ந்து செய்யவேண்டும்.

எங்கே, எப்படி அனுப்புவது? மதிப்பெண் உண்டா?

சனிக்கிழமை இரவு 9 மணிக்குள், அந்த வார ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து வகுப்புக் குழுவில். எச்டிஎம்எல் ஃபைல் மட்டும் அனுப்பி, சிஎஸ்எஸ்ஸையும் படங்களையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். கூடவே மூன்று வரிக் குறிப்பு: எது முடிந்தது, எது முடியவில்லை, எங்கே அதிக நேரம் போனது. குறிப்பு இல்லாத ஜிப்பை நான் திறப்பதில்லை.

மதிப்பெண் கிடையாது. திங்கட்கிழமைக்குள் உங்கள் கோட்டிலேயே கமெண்ட்களாகத் திருத்தங்கள் எழுதித் திருப்பி அனுப்புவேன். அவற்றைச் சரிசெய்து புதன்கிழமைக்குள் மறுபடி அனுப்பினால்தான் அந்த வாரம் முடிந்ததாகக் கணக்கு.